சம்பந்தி வந்தால் 178

என் அம்மாவை எங்கள் வீட்டுக்குள் விடக்கூடாது என்று முடிவு செய்தது ஏழு அங்குல நீளமுள்ள ஒரு ராடு. அதற்கு முடிவு செய்யக் கற்றுக்கொடுத்தவள் நான். ஆகவே இந்தக் கதையில் யாரையும் திட்டும் உரிமை எனக்குக் கிடையாது. இருந்தாலும் திட்டுவேன்.

ராடு இருந்தது என் மாமியார் சாந்தாமணியின் இடது இடுப்பில். எழுபத்திரண்டு வயது, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், முப்பது வருஷமாக ரத்தக் கொதிப்பு. அத்தை விழுந்தது சிங்காநல்லூரில் ஒரு கல்யாண மண்டபத்தில், பந்தி நடுவில். இது 2048. கோயம்புத்தூரில் டிரைவர் இல்லாமல் பஸ் ஓடுகிறது, இலை அளவு பார்த்துச் சோறு வைக்கும் இயந்திரம் வந்துவிட்டது. பாயசம் சிந்தாத மனிதன்தான் இன்னும் வரவில்லை. யாரோ சிந்திய இடத்துக்கு இரண்டடி முன்னால் அத்தை நடந்துகொண்டிருந்தபோது, எதிர் வரிசையிலிருந்து என் அம்மா சுலோச்சனா கையை ஆட்டினாள்.

"சம்மந்தி, இங்கெ வாங்க! உங்களுக்கு எடம் புடிச்சு வெச்சிருக்கேன்!"

அத்தை திரும்பினார், வழுக்கினார், விழுந்தார். தொடை எலும்பு இடுப்போடு சேரும் இடத்தில் முறிந்துவிட்டது. அன்றிலிருந்து அத்தை சொல்லும் கதையில் பாயசத்துக்கு வேலையே இல்லை. "அவிய கூப்புடாம இருந்திருந்தா நாம்பாட்டுக்கு வேற வரிசைல உக்காந்திருப்பேன்" என்பதோடு கதை முடிந்துவிடும்.

ஆபரேஷன் முடிந்ததும் டாக்டர் ஜெபராஜ் என்னையும் என் கணவர் ஹரியையும் உட்கார வைத்துப் பேசினார்.

"எலும்பு எல்லாருக்கும் சேரும். வயசானவங்களுக்கு மெதுவா சேரும். கொதிப்பும் இருந்தா இன்னும் மெதுவா. சுண்ணாம்புச் சத்து சிறுநீர்ல போயிட்டே இருக்கும், எலும்புக்குப் போற சின்ன ரத்தக் குழாய்லாம் சுருங்கிப்போயிருக்கும். பதினாலு வாரம் பார்ப்போம். அதுக்குள்ள பாதியாவது சேரணும்."

"சேரலைன்னா?" என்றார் ஹரி.

"ராடைக் கழட்டிட்டு இடுப்பு மூட்டு முழுசையும் மாத்தணும். இதைவிடப் பெரிய ஆபரேஷன். உங்க அம்மா இதயம் அதைத் தாங்கும்னு எந்த மயக்க மருந்து டாக்டரும் சொல்ல மாட்டார். நானும் சொல்ல மாட்டேன்."

ஹரி என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தைரியமாகத்தான் இருந்தேன். ராடு எங்கள் கம்பெனியுடையது அல்லவா.

அதன் பெயர் 'நிதானம்'. எலும்பைத் தாங்குவதோடு அது ரத்த அழுத்தத்தை நொடிக்கு நொடி அளக்கும். ஏறினால் தன் வயிற்றிலிருந்து துளி மருந்து விடும். எலும்பு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வாரம் ஒரு முறை நூற்றுக்கு இத்தனை எனச் சொல்லும். இதெல்லாம் மற்றவர்கள் செய்த வேலை. நான் செய்தது வருகைப் பட்டியல்.

நம் ஊரில் நோயாளிக்கு முதல் எதிரி நோய் இல்லை, பார்க்க வருகிறவர்கள். சாத்துக்குடிப் பையைக் கட்டில் மேல் வைத்துவிட்டு, "எங்க பெரியப்பாவும் இப்பிடித்தான் விழுந்தாருங்க, அப்புறம் எந்திரிக்கவே இல்லீங்க" என்று ஆரம்பிப்பார்கள். படுத்திருப்பவருக்கு 140 இருந்தது 165 ஆகும். ஆகவே வாசல் கேமராவையும் ராடையும் இணைத்து, யார் வந்தால் எவ்வளவு ஏறுகிறது என்று பச்சை, மஞ்சள், சிவப்பாகப் பிரித்துச் சொல்லும்படி எழுதினேன். சிவப்பு ஆட்களைத் தள்ளி வையுங்கள், எலும்பு நிம்மதியாகச் சேரும். நாலு பேர் வாழ்த்துவார்கள் என்றுதான் நினைத்தேன்.

வாழ்த்தவும் செய்தார்கள். கூடவே வேறு சிலதும் நடந்தன. பொள்ளாச்சியில் ஒருவர், அப்பாவுக்குத் தான் சிவப்பு, தன் மனைவி பச்சை என்று தெரிந்ததும் இரண்டு நாள் சாப்பிடவில்லை. திருப்பூரில் மூன்று அண்ணன் தம்பிகள் எங்கள் பட்டியலைப் பாகப்பிரிவினை வழக்கில் சாட்சியாக வைத்தார்கள். கல்யாண வீடுகளில், "எங்க சின்னம்மாவுக்கு நான் 118 தெரியுமா?" என்று பெருமை பேச ஒரு கூட்டமே கிளம்பியது. ஆபீசில் டீ குடிக்கும்போது இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம். எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் சிரித்தோம்.

அத்தை வீடு திரும்பிய மறுநாளிலிருந்து அம்மா வர ஆரம்பித்தாள். அம்மா காந்திபுரத்தில் மெஸ் நடத்துகிறாள். காலை டிபன் முடிந்து மதியச் சாப்பாடு தொடங்குவதற்குள் மூச்சு விட நேரமிருக்காது. அந்த நேரத்தில் வேலையைப் போட்டுவிட்டு, டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு சரியாகப் பதினொரு மணிக்கு மணி அடிப்பாள்.

மணி அடித்ததும் அத்தை எழுந்திருப்பார். நான் கையைப் பிடிக்கப் போனால் தட்டிவிடுவார். வாக்கரைப் பிடித்து, பல்லைக் கடித்து, இரண்டு காலிலும் நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "வாங்க சம்மந்தி" என்பார். எங்கள் பக்கம் அப்படித்தான். பெண் கொடுத்தவர்கள் வீட்டுப் படி ஏறும்போது படுத்துக்கொண்டோ உட்கார்ந்துகொண்டோ 'வாங்க' சொன்னால் ஏழு தலைமுறைக்குப் பேச்சு வரும். பக்கத்து வீட்டு மல்லிகா வந்தால் தலையணையிலிருந்து தலையை அசைத்தால் போதும். சம்பந்திக்கு அது போதாது.

வரவேற்பு முடிந்ததும் சண்டை.

"ரசத்துல உப்பு பத்தலீங்க சம்மந்தி."

"உங்களுக்குக் கொதிப்புன்னுதான் கம்மியாப் போட்டேனுங்க."

"கொதிப்பு எனக்கா, ரசத்துக்கா? உங்க மெஸ்ல சாப்புடறவிய எல்லாம் எப்பிடித்தான் பொழச்சிருக்காங்களோ."

"அவிய எல்லாம் பந்தில பாத்து நடக்கறாங்கல்லங்க, பொழச்சுக்கறாங்க."

அரைமணி நேரம் இப்படிப் போகும். அத்தை கட்டிலில் உட்காருவார், வேகத்தில் பாதி எழுவார், கேரியரைத் திறந்து காட்டுவதற்காகச் சாய்வார், விரலை நீட்டுவதற்காக நிமிர்வார். அம்மா கிளம்பும்போது வழியனுப்ப மறுபடி நிற்பார். பிறகு தலை கிறுகிறுக்கிறது என்று படுத்துவிடுவார்.

சாயங்காலம் பிசியோதெரபி பையன் பிரபு வருவான். "அம்மா, ஒரு தடவை நிப்போமா?"

"விழுந்தா நீயா படுப்பே? நாளைக்குப் பாத்துக்கலாந் தம்பி."

அந்த நாளை வரவே இல்லை. அத்தைக்கு விழுவதில் அப்படி ஒரு பயம். பிரபு கொடுத்த படிவத்தில் 'நோயாளி நாளொன்றுக்கு எத்தனை முறை எழுந்து நிற்கிறார்?' என்று ஒரு கேள்வி இருந்தது. நான் 'ஒரு முறையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஹரியைக் கேட்டிருந்தாலும் அதையேதான் எழுதியிருப்பார். கண் முன்னால் தினமும் எழுந்து நின்றதை நாங்கள் எழுந்து நிற்பதாக எண்ணவில்லை. அது மரியாதை. அதை யாராவது பயிற்சியில் சேர்ப்பார்களா?

மூன்றாம் வார முடிவில் எலும்பு 19. இந்த வயதில், இந்தக் கொதிப்பில் 12 வந்தாலே பெரிது. நிதானம் வேலை செய்கிறது என்று ஆபீஸ் குழுவில் பெருமையாகப் போட்டேன். கைதட்டல்கள் வந்தன.

மறுநாள் வருகைப் பட்டியல் வந்தது. மல்லிகா 119, பச்சை. ஹரி 122, பச்சை. பிரபு 125. நான் 136, மஞ்சள். இருபது வருஷம் இட்லி ஊற்றிக் கொடுத்ததற்கு மஞ்சள். கடைசி வரியில் சுலோச்சனா, 178, கொட்டை எழுத்தில் சிவப்பு. கீழே நானே எழுதிய வாசகம்: 'இவருடைய வருகையை நிறுத்துவது நல்லது.'

"நீதான் சொல்லோணும். உங்க அம்மா. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றார் ஹரி.

"உங்க அம்மா ஒழுங்கா இருந்தா நான் எதுக்குச் சொல்லோணும்?" என்று அவரிடம் எரிந்து விழுந்துவிட்டு மெஸ்ஸுக்குப் போனேன்.

அம்மா அடுப்பு முன்னால் நின்று கத்தரிக்காய் வதக்கிக்கொண்டிருந்தாள். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் உதவவில்லை. போனைத் திறந்து பட்டியலைக் காட்டினேன்.

"நூத்தி எழுபத்தெட்டா?"

"ஆமாம்மா."

"அது நெம்ப சாஸ்தியா கண்ணு?"

"மூளைல ரத்தக் குழாய் வெடிக்கற அளவுக்குப் போகலாம்மா. எலும்பும் சேராது. இன்னொரு ஆபரேஷன் வந்தா அத்தை தாங்க மாட்டாங்க."

இவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாம். அம்மா பதிலுக்குச் சண்டை போடுவாள், சமாதானப்படுத்த வேண்டியிருக்கும் என்று நினைத்துத்தான் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். அவள் அடுப்பைச் சிறிதாக்கினாள். கரண்டியைத் தட்டின் மேல் வைத்தாள்.

"செரி கண்ணு. நான் வரல."

அவ்வளவுதான். கேரியரை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

அத்தையிடம், அம்மாவுக்கு முகூர்த்த ஆர்டர் நிறைய வந்திருக்கிறது, வர முடியவில்லை என்று சொன்னோம். அத்தை ஒன்றும் கேட்கவில்லை. பதினொரு மணிக்கு மட்டும் முகத்தை வாசல் பக்கம் திருப்பிக்கொள்வார், பிறகு டி.வி. பக்கம். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும், கொதிப்பு 126-இல் நிற்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

அம்மா அந்த நேரத்துக்கு எனக்குப் போன் செய்வாள்.

"எந்திரிச்சாங்களா கண்ணு?"

"ரெஸ்ட்ல இருக்காங்கம்மா. நல்லா இருக்காங்க."

"ஓ" என்று வைத்துவிடுவாள். தினமும் இதே கேள்வி, இதே 'ஓ'.

வீடு அமைதியாகிவிட்டது. பச்சை விருந்தாளிகள் வந்தார்கள், மெல்லப் பேசினார்கள், போனார்கள். அத்தை படுத்தபடியே தலையசைத்தார். ரசம் எப்படி இருக்கிறது என்றால் "இருக்குது" என்றார். மத்தியானம் தூங்கினார், அதனால் ராத்திரி தூங்கவில்லை. நான் எழுதிய நிரலுக்கு இதைவிட நல்ல நோயாளி கிடைக்க மாட்டார்.

எலும்பு 20. அடுத்த வாரம் 21. பிறகு 22. பிறகு 22. எட்டாம் வாரம் அதே 22.

டாக்டர் ஜெபராஜ் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஆரம்பத்தில ஓடுச்சு. அப்புறம் அப்படியே நின்னுடுச்சு. ஏன்னு எனக்குப் புரியலை மதுமிதா. இன்னும் ஆறு வாரம்தான் இருக்கு. இப்படியே போனா அந்தப் பெரிய ஆபரேஷனைப் பத்தி யோசிக்க வேண்டி வரும். வீட்ல பேசி வைங்க."

காரில் வீடு திரும்பினோம். அத்தை பின் சீட்டில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிக்னலில் நின்றபோது, "ஆபரேஷன்ல எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா, பீரோல மேல் தட்டுல இருக்கற பச்சைப் பட்டுச் சேலையை உங்கம்மாவுக்குக் குடுத்துரு அம்மிணி. அவியளுக்கு அது மேல ஒரு கண்ணு" என்றார். எனக்குப் பயம் வந்தது. இந்த ராடை நம்பித்தானே எல்லோரையும் தள்ளி வைத்தேன்.

மறுநாள் காலை ஆபீசுக்குப் போனதும் ஷாநவாஸின் மேசைக்குப் போனேன். அவன் ராடின் உலோகத்தைக் கவனிப்பவன். ராடு மேல் எவ்வளவு எடை விழுகிறது என்ற கணக்கு அவனிடம்தான் இருக்கும். அது வளைந்துவிடாமல் பார்ப்பதற்காக எடுப்பது. என் குழுவில் யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை.

"உன் மாமியாரை நல்லாத்தான் நிக்க வெச்சிருக்கே" என்றான் திரையைப் பார்த்து.

"யாரு? அவங்க நிக்கறதே இல்லை."

"அப்ப இது என்ன? தினம் பதினொண்ணு, பதினொண்ணு ரெண்டு. அம்பத்தெட்டு கிலோ, முழு எடை. அப்புறம் அரைமணி நேரம் ஏறி இறங்கி ஏறி இறங்கி... ஜாலியா ஆடுற மாதிரி இருக்கு. பதினொன்றரைக்கு மறுபடி முழு எடை."

"தினமுமா?"

"மூணு வாரம் தினமும். இருபத்தி ரெண்டாம் நாள்லருந்து சுத்தமா ஒண்ணுமில்லை. என்ன ஆச்சு அன்னிக்கு?"

இருபத்தி இரண்டாம் நாள் நான் மெஸ்ஸுக்குப் போன நாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"ஷாநவாஸ், அந்த 178 எப்ப வருது? நிக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

இரண்டு கோடுகளையும் ஒன்றன் மேல் ஒன்றாக வைத்தான். "மணி அடிச்சதும் ஏறுது. நாலு செகண்ட் கழிச்சுத்தான் நிக்கறாங்க. கோபத்துல ஏறல மது. உடம்பு எழுந்திருக்கத் தயாராகுது. பலம் சேர்க்குது. உன் பட்டியலுக்கு ரெண்டும் ஒரே நம்பர்தான்."

"எலும்பு?"

"எடை எங்க விழுதோ அங்கதான் எலும்பு வளரும். படுக்க வெச்சிட்டா அதுக்கு வளர என்ன காரணம் இருக்கு?"

அவன் இன்னொன்றையும் காட்டினான். சண்டை நடந்த மூன்று வாரங்களில் நாள் முழுவதற்குமான சராசரி 131. அமைதியான ஐந்து வாரங்களில் பகலில் 126-தான், தூக்கமில்லாத ராத்திரியைச் சேர்த்தால் 139. அரைமணி நேரம் ஏறியதை மட்டும் பார்த்து, மீதி இருபத்திமூன்றரை மணி நேரத்தை நான் பார்க்கவில்லை. இதற்குத்தான் கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

டாக்டருக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "அரைமணி நேரம் ஏறி இறங்கறதுக்கு நான் பயப்படல. அந்த நேரத்துல ராடு மருந்து விடாமப் பாத்துக்கோங்க, அதுதான் தலை சுத்த வெச்சிருக்கும். பின்னால ஒரு ஆள் நிக்கட்டும். சம்பந்தியை வரச் சொல்லுங்க. மருந்துச் சீட்டுல எழுதித் தரணுமா?"

நேரே மெஸ்ஸுக்குப் போனேன். அம்மா மதியச் சாப்பாட்டுக்கு அப்பளம் எண்ணிக்கொண்டிருந்தாள். ஷாநவாஸ் சொன்னதை எனக்குத் தெரிந்த எளிய தமிழில் விளக்கினேன். எடை, எலும்பு, எழுந்து நிற்பது எல்லாம். அவள் அப்பளத்தை விட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"இதையே இத்தனை நேரஞ் சொல்ற? எனக்குத் தெரியாதா?"

"என்னம்மா தெரியும்?"

"பின்ன மூணு வாரமும் குழம்பு குடுக்கறதுக்கா வந்தேன்? அதுக்கு மெஸ் பையனை அனுப்பிச்சிருக்க மாட்டனா? நம்ம தெரு ருக்குமணியோட மாமியா இதே மாதிரி விழுந்து படுத்தாங்க. படுத்தவிய படுத்தவியதான். உன்ற அத்தை யாரு சொன்னாலும் எந்திரிக்க மாட்டாங்க. டாக்டர் சொன்னா மாட்டாங்க, மகன் சொன்னா மாட்டாங்க. நான் படி ஏறுனா எந்திரிச்சுத்தான் ஆகோணும்." அப்பளக் கட்டைக் கீழே வைத்தாள். "நான் கூப்புட்டுத்தான கண்ணு விழுந்தாங்க. நான் போயே எழுப்போணுமில்ல?"

"ஏம்மா அன்னிக்கே சொல்லல? வராதேன்னப்ப செரின்னுட்டியே?" என்றேன்.

"நூத்தி எழுபத்தெட்டுன்னு காட்டுனியே. நான் அடுப்படில நிக்கறவ. நீ அந்த ராடுக்கே புத்தி சொல்லிக் குடுத்தவ. எனக்குத் தெரிஞ்சது தப்புன்னு நெனச்சுட்டேன். நாம்போயி அவியளுக்கு ஒண்ணு ஆயிட்டா?" அவள் குரல் இறங்கியது. "அதான் தினமும் உன்னையக் கேட்டேன், எந்திரிச்சாங்களா எந்திரிச்சாங்களான்னு. நீ ரெஸ்ட் ரெஸ்ட்டுன்னே."

அந்த மெஸ்ஸில், சாப்பிட வந்த நாலைந்து பேர் பார்க்க, நான் அழுதேன். அம்மா தோளில் கிடந்த துண்டால் என் முகத்தைத் துடைத்தாள். துண்டில் வெங்காய வாசம். அதனால் இன்னும் கொஞ்சம் அழுதேன்.

"அவியகிட்டச் சொல்லீராத. நான் எழுப்பறதுக்குத்தான் வாறேன்னு தெரிஞ்சா, புடிவாதத்துக்கே படுத்துக்குவாங்க."

மறுநாள் பதினொரு மணிக்கு மணி அடித்தது. அத்தை டி.வி.யை அணைத்தார். ஐந்து வாரம் படுத்த உடம்பு, லேசில் எழவில்லை. ஹரி பின்னால் விக்கெட் கீப்பர் மாதிரி கையை விரித்துக்கொண்டு நின்றார். அம்மா படியிலேயே காத்திருந்தாள், உள்ளே வரவில்லை. அத்தை நிமிர்ந்தார், முந்தானையை இழுத்துவிட்டார்.

"வாங்க சம்மந்தி. முகூர்த்தம் எல்லாம் முடிஞ்சுதுங்களா? இல்ல, மண்டபத்துக்காரன் உங்க ரசத்தைக் குடிச்சுட்டுத் தொரத்தியுட்டானா?"

"உங்க வாய்க்குப் பயந்துதானுங்க வரல" என்று அம்மா உள்ளே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்ததை அத்தை பார்த்தாரா என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது. சண்டையை முடித்துக்கொண்டு கிளம்புவாள், கேட் வரை போவாள், மறுபடி மணி அடிப்பாள். கேரியர் மூடியை மறந்துவிட்டாளாம். அத்தை மறுபடி எழுந்து நின்று 'வாங்க' சொல்வார். ஐந்து நிமிஷத்தில் குடை. பிறகு கண்ணாடி. ஒரு நாள் செருப்பையே மறந்துவிட்டுப் பக்கத்துத் தெரு வரை போய்த் திரும்பி வந்தாள். அத்தை ஒவ்வொரு தடவையும் எழுந்தார், ஒவ்வொரு தடவையும் திட்டினார். பத்தாவது வாரத்தில் நின்ற இடத்திலிருந்து இரண்டடி முன்னால் வந்து வரவேற்றார். பன்னிரண்டில் வாசல் வரை. என் போனில் 171, 174, 169 என்று சிவப்பாக வந்துகொண்டே இருக்கும். நான் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு டீ போடப் போவேன்.

பதினாலாம் வாரம் எலும்பு 57. டாக்டர் ஜெபராஜ் படத்தைப் பார்த்து முடித்து, "ஆபரேஷன் வேண்டாம். கைத்தடி போதும்" என்றார். ஹரி வெளியே வந்து ஆஸ்பத்திரி கேன்டீனில் மூன்று டீ சொன்னார். அத்தை, "சக்கரை கம்மி" என்றார். அதைவிட நல்ல டீயை நான் குடித்ததில்லை.

ஆபீசில் வருகைப் பட்டியலை எடுத்துவிட்டேன். அதற்குப் பதில் எத்தனை முறை எழுந்தார், யாருக்காக எழுந்தார் என்று மட்டும் வரும். உடனே ஊர் மாறிவிட்டது. "நான் போனா எங்க மாமனார் எந்திரிக்கவே மாட்டேங்கறாருங்க, என்ன பண்றது?" என்று மருமகன்கள் போன் செய்கிறார்கள். அந்தப் பொள்ளாச்சிக்காரர் மட்டும் நன்றி சொல்லி எழுதியிருந்தார். அவரைக் கண்டதும் கை கொடுக்க அப்பா எழுந்துவிடுவாராம், அவர் சிவப்பானது அதனால்தானாம்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த மறுநாள் காலை, பத்தே முக்காலுக்கு நான் ஹாலில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை தடியைக்கூட எடுக்காமல் சமையலறைக்குப் போய், தண்ணீர் குடித்து, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

"அம்மிணி, அம்பத்தேழு ஆச்சுன்னு உங்கம்மாகிட்டச் சொல்லீட்டியா?"

"இன்னும் இல்லீங்க அத்தை. இப்ப வருவாங்கல்ல, நேர்லயே சொல்லலாம்னு."

"சொல்லாத."

"ஏனுங்க அத்தை?"

அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். "எலும்பு கூடிருச்சுன்னு தெரிஞ்சா, அவிய எதுக்கு தினமும் மெஸ்ஸைப் போட்டுட்டு வாறாங்க?"

நான் அவரையே பார்த்தேன். "உங்களுக்குத் தெரியுமா? அம்மா எதுக்கு வந்தாங்கன்னு?"

"முப்பத்தி ரெண்டு வருஷம் பாடஞ் சொல்லிக் குடுத்தவகிட்டயே கேக்கறியா? வேகாத வெயில்ல ஒருத்தி வாரம் மூணு தடவை குடையை மறந்துட்டுப் போவாளா?" கட்டிலில் உட்கார்ந்து காலை மேலே எடுத்து வைத்துக்கொண்டார். "குடை மறக்கறதுக்கு முந்தியே, வந்த மூணாம் நாளே தெரியும். பாவம், கெடந்து மெனக்கெடறாங்களேன்னு நானும் எந்திரிச்சேன். அப்பறம் அஞ்சு வாரம் காணம். கோவிச்சுட்டாங்களோன்னு நெனச்சுட்டுக் கெடந்தேன் அம்மிணி. கால் வலிகூட அவ்வளவு வலிக்கல."

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. அத்தை அவசரமாகக் கையை நீட்டினார்.

"அந்த வாக்கரை இங்கெ தள்ளு. சீக்கிரம்."

தள்ளினேன். மணி அடித்தது. அத்தை இரண்டு கையாலும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, "அப்பா முருகா" என்று முனகியபடி, வேண்டுமென்றே மெல்ல, மிக மெல்ல எழுந்து நின்றார்.

"வாங்க சம்மந்தி" என்றார். "இன்னிக்கும் வலி உசுரு போகுதுங்க."